ஸ்பானிஷ் 202க்குப் பிறகு எந்த வகுப்பு?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இரண்டாம் ஆண்டு ஸ்பானிஷை முடிக்கவிருக்கும் தமிழ் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளே,

ஸ்பானிஷ் 202 முடியப்போகிறது. பட்டத்துக்கு வேண்டிய மொழிப்பாடக் கட்டாயம் இத்தோடு தீர்ந்தது. இதோடு விட்டுவிடலாமா, தொடர்வதென்றால் எதை எடுப்பது என்று பதிவு திறக்கும் காலத்தில் உங்களில் பலர் கேட்கிறீர்கள். நான் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஸ்பானிஷ் சொல்லிக்கொடுக்கிறேன். தாய்மொழி தமிழ் என்பதால், என் வகுப்பில் இல்லாத தமிழ்ப் பிள்ளைகளும் இந்தக் கேள்வியோடு வருகிறார்கள். நடைபாதையில் நின்றபடி, அடுத்த வகுப்புக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில், ஒரு வரியில் ஏதோ சொல்லி அனுப்பவேண்டியிருக்கிறது. அந்த ஒரு வரி போதாது என்பதால் இந்த மடல்.

இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கும், சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ மாணவர் விசாவில் வந்தவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். தமிழ் படிக்கத் திணறுகிறவர்களுக்கு அம்மாவோ அப்பாவோ வாசித்துக் காட்டட்டும். நடுவில் அவர்களுக்கும் இரண்டு வார்த்தை வைத்திருக்கிறேன்.

முதலில் அந்த எண்களைப் பற்றி. 101, 102, 201, 202 என்று நீங்கள் இதுவரை ஏறிவந்தது ஓர் ஏணி. 201இல் கோட்டை விட்டவர் 202இல் திண்டாடுவார். 300 தொடங்கியதும் அந்த ஏணி முடிந்துபோகிறது. இது பலருக்குத் தெரிவதில்லை. ஒரு துறையில் 310 ஒலியியல், 320 ஸ்பெயின் நாட்டுப் பண்பாடு, 330 இலக்கிய அறிமுகம் என்று இருக்கலாம். 310ஐவிட 330 கடினம் என்றோ, 310 முடித்தால்தான் 330 புரியும் என்றோ அதற்குப் பொருளில்லை. என்றைக்கோ ஒரு பேராசிரியர் புது வகுப்பு தொடங்கியபோது காலியாக இருந்த எண் அது; அவ்வளவுதான். ஆகவே "301 முடித்தேன், அடுத்தது 302" என்ற கணக்கு இனிமேல் செல்லாது. அட்டவணையில் பார்க்கவேண்டியது எண்ணுக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் முன்தேவை வரி. 'இந்த வகுப்புக்கு முன் இன்னதை முடித்திருக்க வேண்டும்' என்று அங்கே இருப்பது மட்டும்தான் உண்மையான படிவரிசை.

அடுத்து, நீங்கள் இப்போது நிற்கும் இடம். மூன்று கிரெடிட் வகுப்பு என்றால் வாரம் 150 நிமிடம். பதினைந்து வாரத்துக்கு 37 மணி நேரம் சொச்சம். நான்கு செமஸ்டருக்கு 150 மணி. உங்கள் பல்கலைக்கழகத்தில் நான்கு கிரெடிட் வகுப்பாக இருந்தால் 200. அமெரிக்க வெளியுறவுத் துறை தன் தூதரக அதிகாரிகளுக்கு மொழி கற்பிக்கும் பள்ளியில், ஸ்பானிஷை வேலைக்குப் போதுமான அளவு பேசிப் படிக்க அறுநூறு எழுநூறு வகுப்பு மணி நேரம் ஒதுக்குகிறார்கள். நீங்கள் வந்திருப்பது ஏறக்குறைய கால்வாசி. (அதே பள்ளி தமிழுக்கு ஆயிரத்துக்கு மேல் மணி நேரம் வைத்திருக்கிறது. வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.) 202இல் 'ஏ' வாங்கிய பிள்ளை 300 நிலை வகுப்பின் முதல் வாரத்தில் முகம் வெளிறிப்போவதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். பேராசிரியர் ஐம்பது நிமிடமும் ஸ்பானிஷிலேயே பேசுவார். வாரத்துக்கு முப்பது பக்கம் படிக்கச் சொல்வார். பாடப்புத்தகத்தின் ஓரத்தில் ஆங்கில அருஞ்சொல் பட்டியல் இருக்காது.

அதனால் அட்டவணையைத் திறக்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு வெள்ளைத்தாள், ஒரு பேனா, இருபது நிமிடம். கைபேசி வேறு அறையில் இருக்கட்டும். போன கோடை விடுமுறையில் நடந்த ஏதாவது ஒன்றை ஸ்பானிஷில் எழுதுங்கள். கடைசி ஐந்து நிமிடம், உங்கள் அறைத்தோழர் என்னவெல்லாம் செய்யவேண்டும், செய்யக்கூடாது என்று நீங்கள் விரும்புவதை எழுதுங்கள். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். முதல் பகுதியில் நடந்து முடிந்ததைச் சொல்லும் இறந்தகாலமும், வழக்கமாக நடந்துகொண்டிருந்ததைச் சொல்லும் இறந்தகாலமும் தத்தம் இடத்தில் விழுந்திருக்கின்றனவா? இரண்டாம் பகுதியில் 'நீ பாத்திரம் கழுவ வேண்டும் என்று விரும்புகிறேன்' என்ற வாக்கியத்தில் கழுவுகிற வினை, விருப்பத்துக்கான வடிவத்துக்கு மாறியிருக்கிறதா?

தமிழ் தெரிந்தவர்களுக்கு முதல் பகுதி அவ்வளவு அந்நியமானதாக இருக்கக்கூடாது. "சின்ன வயசில் லீவு விட்டால் தாத்தா வீட்டுக்குப் போவோம், ஒருநாள் கிணற்றில் விழுந்தேன்" என்று சொல்கிறோமே, அதில் 'போவோம்' வழக்கம், 'விழுந்தேன்' நிகழ்ச்சி. ஸ்பானிஷ் பிரிப்பதும் ஏறக்குறைய இதைத்தான். வினையின் விகுதியே ஆளைக் காட்டிவிடுவதால் 'நான்', 'நீ' என்று ஒவ்வொரு முறையும் சொல்லவேண்டியதில்லை என்பதும், 'எனக்குப் பிடிக்கும்' என்று நான்காம் வேற்றுமையில் விருப்பத்தைச் சொல்வதும் நமக்குப் பழக்கம். ஆங்கிலம் மட்டும் தெரிந்த வகுப்புத்தோழர் மாதக்கணக்கில் மல்லுக்கட்டும் இடங்களை நீங்கள் சிரமமில்லாமல் கடந்திருப்பீர்கள். ஆனால் விருப்பம், ஐயம், உணர்ச்சி ஆகியவற்றுக்குப் பின்னால் வினை வடிவமே மாறும் அந்த சுப்ஹுந்திவோவுக்குத் தமிழில் நேர் நிகர் கிடையாது. அங்கே எல்லோரும் ஒன்றுதான். முதல் மூன்று செமஸ்டர் சுலபமாகப் போனவர்கள் நான்காவதில் தடுக்கி விழுவதை வருடாவருடம் பார்க்கிறேன்.

காதுக்கும் ஒரு சோதனை. 'ரேடியோ அம்புலாந்தே' என்று ஒரு பாட்காஸ்ட், 2012 முதல் வருகிறது. லத்தீன் அமெரிக்காவில் நடந்த உண்மைக் கதைகளை அந்தந்த ஊர்க்காரர்களின் குரலிலேயே சொல்கிறார்கள். பத்து நிமிடம் கேளுங்கள். கதை எங்கே நடக்கிறது, யாருக்கு என்ன ஆயிற்று என்று பிடிபட்டால் உங்கள் காது 300க்குத் தயார். பிடிபடவில்லை என்றால் பயப்படாதீர்கள். எது குறை என்று தெரிந்துகொண்டீர்கள். அந்தக் குறையை வைத்துத்தான் வகுப்பைத் தேடவேண்டும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். 202 முடித்ததும் பெரும்பாலோர் முண்டியடிப்பது 'உரையாடல்' என்று பெயரிட்ட வகுப்புக்கு. பேச வராது என்ற குறை எல்லோருக்கும் இருப்பதால் அது இயல்பு. என் அபிப்பிராயம் வேறு. ஐம்பது நிமிட வகுப்பு, இருபது மாணவர்கள். ஆசிரியர் வாயே திறக்காவிட்டாலும் தலைக்கு இரண்டரை நிமிடம். இருவர் இருவராகப் பேசவைத்தால் நேரம் கூடும் என்பது சரி. ஆனால் எதிரே இருப்பவருக்கும் உங்களுக்குத் தெரிந்த அதே ஐந்நூறு சொல்தான், உங்களுக்கு வருகிற அதே பிழைதான். இருவரும் ஒருவர் பிழையை ஒருவர் ஒத்துக்கொண்டு, சிரித்துப் பேசி, செமஸ்டர் முடிவில் அதே பிழைகளைச் சரளமாகச் செய்யக் கற்றிருப்பீர்கள். இது குரூரமாகத் தோன்றலாம். நல்ல உரையாடல் வகுப்புகளும் உண்டு. பன்னிரண்டு பேருக்கு மேல் எடுக்காத, ஒவ்வொருவர் பேச்சையும் பதிவுசெய்து திருத்தித் தருகிற ஆசிரியர்கள் நடத்துபவை. அப்படி ஒன்று கிடைத்தால் விடாதீர்கள். மற்றபடி, பேச்சுப் பழக்கம் காசில்லாமல் கிடைக்கும். அநேகமாக எல்லா ஸ்பானிஷ் துறைகளிலும் வாரம் ஒருமுறை காபியோடு கூடிப் பேசும் நேரம் ஒன்று உண்டு. யார் வேண்டுமானாலும் போகலாம். அமெரிக்காவில் வீட்டில் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் 4 கோடிக்கு மேல். உங்கள் ஊர் உணவகத்தின் சமையலறையில் எந்த மொழி கேட்கிறது என்று கவனித்திருப்பீர்கள்.

காசு கொடுத்து வாங்கவேண்டியது, உங்கள் எழுத்தை ஒருவர் உட்கார்ந்து வரி வரியாகப் படித்துப் பிழை காட்டும் வேலை. அது வெளியே எங்கும் கிடைக்காது. ஆகவே 202க்கு அடுத்து நான் சொல்வது 'எழுத்தும் இலக்கணமும்' என்ற வகையில் வரும் வகுப்பு. சில இடங்களில் 'உயர்நிலை இலக்கணம்', சில இடங்களில் 'கட்டுரைப் பயிற்சி' என்று பெயர் இருக்கும். கேட்டாலே கொட்டாவி வரும் பெயர்தான், ஒப்புக்கொள்கிறேன்.

அந்த வகுப்பில் நடப்பது இது. ஒரு செமஸ்டருக்கு நான்கைந்து கட்டுரை. ஒருவரை வருணிப்பது, ஒரு நிகழ்ச்சியைச் சொல்வது, ஒரு கருத்தை வாதிடுவது என்று படிப்படியாகப் போகும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரைவு. முதல் வரைவில் ஆசிரியர் பிழையைத் திருத்தித் தருவதில்லை. பிழையின் அடியில் கோடிட்டு ஓரத்தில் ஒரு குறி மட்டும் போடுவார். பெயர்ச்சொல்லின் பாலும் அதன் அடைமொழியின் பாலும் ஒத்துப்போகாத இடத்துக்கு ஒரு குறி, காலம் தவறிய இடத்துக்கு ஒன்று, வினை வடிவம் மாறவேண்டிய இடத்துக்கு இன்னொன்று. என்ன தவறு, ஏன் தவறு என்று கண்டுபிடித்துத் திருத்துவது உங்கள் வேலை. முதல் கட்டுரை திரும்பி வரும்போது தாள் முழுக்க மை. மூன்றாவது கட்டுரையில் குறிகளை எண்ணிப் பார்த்தால் ஒரே வகைதான் திரும்பத் திரும்ப வந்திருக்கும். ஒருவருக்கு எப்போதும் பால் ஒற்றுமை, இன்னொருவருக்கு எப்போதும் முன்னிடைச் சொற்கள். தன் நோய் இன்னது என்று மாணவருக்குத் தெரிகிற இடம் அது. அதற்குப் பிறகு பேச்சிலும் அந்த இடத்தில் நாக்கு ஒரு கணம் நிதானிக்கும். மொழிபெயர்ப்புச் செயலியிலோ செயற்கை நுண்ணறிவிலோ எழுதிக் கொண்டுவந்தால் பல துறைகள் அதைத் தேர்வில் காப்பியடித்ததற்குச் சமமாக எடுத்துக்கொள்கின்றன. மாட்டிக்கொள்வது ஒருபுறம் இருக்கட்டும். அப்படிச் செய்கிறவர் கட்டிய பணம் அந்தக் குறிகளுக்காகத்தான் என்பதையே மறந்துவிடுகிறார்.

எழுத்து வகுப்பை முடித்தவர்களுக்கு எல்லாக் கதவும் திறந்திருக்கும். அதில் இலக்கிய வகுப்புக்குத்தான் அஞ்சுகிறீர்கள். அறிமுக வகுப்பு என்றால் முதல் நாளே 'தோன் கிஹோத்தே'யைத் தூக்கிக் கையில் கொடுத்துவிட மாட்டார்கள். பொதுவாக ஒரு தொகைநூல் இருக்கும். சிறுகதை, கவிதை, நாடகம், கட்டுரை என்று பகுதி பகுதியாகப் போகும். குவாத்தமாலாவின் அகுஸ்தோ மோந்தெரோசோ ஏழே சொல்லில் எழுதிய கதையில் தொடங்குகிற ஆசிரியர்கள் உண்டு. 1554இல் வெளிவந்த, ஆசிரியர் பெயரில்லாத 'லாஸரீயோ தே தோர்மெஸ்' சிறிய நூல்; பசித்த பையன் ஒருவன் எஜமானர்களை ஏமாற்றிப் பிழைக்கும் கதை, இன்றைக்கும் சிரிப்பு வரும். உயர்நிலைப் பள்ளியில் ஏ.பி. ஸ்பானிஷ் இலக்கியம் எழுதியவர்கள் 38 படைப்புகளைப் படித்துவிட்டே வருகிறார்கள். அவர்களுக்கு அறிமுக வகுப்பு சலிப்பூட்டலாம். ஆசிரியரிடம் பேசி அடுத்ததற்குப் போங்கள்.

இலக்கிய வகுப்பில் நீங்கள் உட்காரவேண்டும் என்று நான் விரும்புவதற்கு ஒரு தனிக் காரணமும் இருக்கிறது. பாப்லோ நெரூதாவின் காதல் கவிதைகள் அநேகமாக எல்லாத் தொகைநூலிலும் இருக்கும். 1971இல் நோபல் பரிசு பெற்ற அதே நெரூதா இளவயதில் கொழும்பில் சிலி நாட்டுத் தூதரக அதிகாரியாக இருந்தார். தன் வீட்டில் கழிப்பறை சுத்தம் செய்யவந்த ஒரு தமிழ்ப் பெண்ணைப் பலவந்தமாகத் தன் இச்சைக்கு உட்படுத்தியதை அவரே தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். அவர் இறந்தபின் 1974இல் அந்த நூல் வெளிவந்தது. 2018இல் சாந்தியாகோ விமான நிலையத்துக்கு அவர் பெயரை வைக்கும் பேச்சு எழுந்தபோது சிலியின் பெண்கள் அமைப்புகள் இந்தப் பக்கத்தைத்தான் எடுத்துக் காட்டி எதிர்த்தன. அந்தப் பெண்ணுக்கு நூலில் பெயர் கிடையாது. கவிதையை வகுப்பில் படிக்கும்போது இந்தப் பக்கத்தையும் மூலமொழியில் படித்துவிட்டு வந்து, கை தூக்கி ஒரு கேள்வி கேட்க, வகுப்பில் ஒரு தமிழ்ப் பிள்ளையாவது இருக்கட்டும். அப்படிக் கேட்பதற்கான ஸ்பானிஷ் உரையாடல் வகுப்பிலிருந்து வராது.

யாரும் சீந்தாத ஒரு வகுப்பைப் பற்றியும் சொல்லவேண்டும்: ஒலியியல். பெயரைப் பார்த்து ஓடிவிடுகிறார்கள். வீட்டில் தமிழ் பேசி வளர்ந்தவர்களுக்கு இது கிட்டத்தட்டத் தங்கத்தட்டில் வைத்துக் கொடுத்த வகுப்பு. ஸ்பானிஷின் 'த' பல்லில் நாக்கு பட வருவது, நம் த மாதிரி. 'ப', 'க' எல்லாம் மூச்சைத் தள்ளாமல் சொல்லவேண்டியவை, நம் மாதிரி. இரண்டு உயிருக்கு நடுவில் வரும் b, d, g ஒலிகள் மெலிந்துவிடும். 'அது' என்று சொல்லும்போது நம் 'த' எப்படி இளகுகிறதோ அப்படி. ஆங்கிலம் மட்டும் பேசுகிறவர்களுக்கு இதையெல்லாம் வரைபடம் போட்டு விளக்கவேண்டும். உங்களுக்கோ வாயில் ஏற்கெனவே இருக்கிறது. தெரிந்து செய்யவேண்டியதுதான் பாக்கி. இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பலர் தமிழைச் சரியாக உச்சரித்துவிட்டு, ஸ்பானிஷ் பேசும்போது மட்டும் ஆங்கில வாய்க்கு மாறிக்கொள்வதைக் கேட்கிறேன். ஒரு செமஸ்டர் ஒலியியல் அதைச் சரிசெய்துவிடும்.

மருத்துவம் படிக்கப் போகிறவர்கள் நம்மில் அதிகம். மருத்துவ ஸ்பானிஷ் என்று ஒரு வகுப்பு இருந்தால் அதை எடுக்கலாமா என்று கேட்பார்கள். எடுங்கள், ஆனால் எழுத்து வகுப்புக்குப் பின். உடலுறுப்புப் பெயர்களையும் நோய்க்குறிகளையும் மனப்பாடம் செய்தால் நோயாளியிடம் கேள்வி கேட்டுவிடலாம். அவர் தன் வலியைத் தன் ஊர்ப் பேச்சில் கதையாகச் சொல்லும்போதுதான் சிக்கல். இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும். 2010இல் வந்த அஃபோர்டபிள் கேர் ஆக்ட்டின் 1557ஆம் பிரிவின்படி, ஆங்கிலம் சரியாக வராத நோயாளிக்குத் தகுதிபெற்ற மொழிபெயர்ப்பாளரை மருத்துவமனை ஏற்பாடு செய்யவேண்டும். ஒரு செமஸ்டர் வகுப்பு முடித்துவிட்டுத் தொண்டராகப் போகிறவர் அந்த இடத்தில் உட்காரக்கூடாது. நோயாளியை வரவேற்று, வழிகாட்டி, நலம் விசாரித்துவிட்டு மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடத் தெரிவதே போதும். வணிக ஸ்பானிஷ் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கடிதம் எழுதவும் அறிக்கை படிக்கவும் உதவும், வணிகவியல் மாணவர்களுக்கு நல்லது.

202 படிக்காமலே நேராக 300 நிலைக்கு வந்து சேர்ந்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பல பல்கலைக்கழகங்கள் நிலை பார்க்கும் தேர்வுக்கு 'வெப்கேப்' போன்ற ஒன்றைப் பயன்படுத்துகின்றன. எழுதுவோர் சரியாகப் பதில் சொல்லச் சொல்லக் கேள்வி கடினமாகிக்கொண்டே போகும். ஆனால் எல்லாம் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். நாலு விடையில் ஒன்றைக் கழித்துக் கட்டித் தேர்ந்தெடுப்பதில் நம் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். அந்தச் சாமர்த்தியத்தில் 300 நிலை கிடைத்துவிடும். வாயைத் திறந்தால் வார்த்தை வராது. ஏ.பி. மொழித்தேர்வில் 4, 5 வாங்கியவர்கள் இதில் சேரமாட்டார்கள். அங்கே மின்னஞ்சலுக்குப் பதில் எழுதவேண்டும், வாதக்கட்டுரை எழுதவேண்டும், ஒலிப்பதிவோடு உரையாடவேண்டும். ஆனால் அந்தத் தேர்வை எழுதி ஒன்றரை வருடம் ஆகிவிட்டிருந்தால் அந்த எண்ணை அப்படியே நம்பாதீர்கள். எண் துருப்பிடிக்காது, மொழி துருப்பிடிக்கும். நேராக உயர்ந்த வகுப்பில் சேர்ந்து 'பி' அல்லது அதற்கு மேல் வாங்கினால் தாண்டிவந்த வகுப்புகளுக்கும் சேர்த்து கிரெடிட் தரும் பல்கலைக்கழகங்கள் உண்டு. உங்கள் இடத்தில் அந்த விதி இருக்கிறதா என்று கேளுங்கள். சிலருக்கு ஒரு செமஸ்டர் கட்டணமே மிஞ்சும்.

அட்டவணையில் 'வீட்டுமொழியாகப் பேசுகிறவர்களுக்கு' என்று தனிப் பிரிவு இருக்கும். மெக்சிகோ, எல் சால்வதோர், பெரு நாட்டு வழிவந்த பிள்ளைகளுக்கானது. தோழர்கள் அங்கே இருக்கிறார்கள் என்று நீங்களும் போய்ச் சேராதீர்கள். அவர்கள் பேசுவார்கள், புரிந்துகொள்வார்கள். எழுத்தும் முறையான நடையும்தான் அவர்களுக்கு வேண்டும். இந்த நிலைமை உங்களுக்குப் புரியாததா என்ன? பாட்டியோடு தொலைபேசியில் மணிக்கணக்காகத் தமிழ் பேசிவிட்டு ஒரு வரி எழுதத் தெரியாமல் இருப்பவர் உங்களில் எத்தனை பேர்! மொழிக் கட்டாயத்தை இன்னும் முடிக்காத தம்பி தங்கைகள் வீட்டில் இருந்தால் அவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பெர்க்லி, சிகாகோ, பென்சில்வேனியா போன்ற பல்கலைக்கழகங்களில் தமிழே பாடமாக உண்டு. ஸ்பானிஷ் வாத்தியார் இதைச் சொல்லலாமா என்று என் துறைத்தலைவர் கேட்டால் கேட்கட்டும்.

மாணவர் விசாவில் இருப்பவர்கள் கொஞ்சம் கவனியுங்கள். இளநிலையில் செமஸ்டருக்கு 12 கிரெடிட் முழுநேரக் கணக்கு. அதில் ஆன்லைனில் எடுப்பது ஒரு வகுப்புதான், மூன்று கிரெடிட்தான் கணக்கில் சேரும். ஸ்பானிஷையும் இன்னொன்றையும் சேர்த்து ஆன்லைனில் எடுத்து 12ஐ நிரப்பலாம் என்று நினைத்தால் விசா அந்தஸ்துக்கே ஆபத்து. சேரும் முன் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேளுங்கள். ஆங்கிலம் அல்லாத மொழியில் பள்ளிப்படிப்பு முடித்தவர்களுக்கு மொழிக் கட்டாயத்திலிருந்தே விலக்கு தரும் இடங்களும் இருக்கின்றன. அப்படி விலக்கு கிடைத்தும் ஸ்பானிஷ் படிக்க வந்தவர்கள் என்றால் உங்களை நான் இரண்டு மடங்கு மதிக்கிறேன்.

வெளிநாட்டுப் படிப்பு பற்றிச் சுருக்கமாக: எழுத்து வகுப்புக்குப் பின், இலக்கியத்துக்கோ பண்பாட்டுக்கோ முன் ஒரு செமஸ்டர் போனால் பலன் அதிகம். 1218இல் தொடங்கிய சலமான்கா பல்கலைக்கழகம், கிரனாதா, செவீயா, பியூனஸ் அயர்ஸ் என்று இடம் நிறைய. மாணவர் விடுதியை விட்டு, ஒரு குடும்பத்தோடு தங்கும் ஏற்பாட்டைக் கேட்டு வாங்குங்கள். சைவ உணவுக்காரர்கள் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். 'மாமிசம் சாப்பிடமாட்டேன்' என்றால் ஸ்பெயினில் சில வீடுகளில் டூனா மீனும் ஹாமும் அதில் சேராது. இந்தியக் கடவுச்சீட்டு என்றால் விசா வேலையை மாதங்களுக்கு முன்பே தொடங்கவேண்டும். போக வசதியில்லை என்றால் கோடையில் மிடில்பரி கல்லூரி நடத்தும் மொழிப்பள்ளி ஒன்று இருக்கிறது. இருக்கும் வாரமெல்லாம் கற்கும் மொழியைத் தவிர வேறெதுவும் பேசமாட்டேன் என்று கையெழுத்திட்டு உள்ளே போகவேண்டும். கட்டணம் அதிகம், உதவித்தொகை உண்டு.

இனி அம்மா அப்பாக்களுக்கு. "கட்டாயம் முடிந்ததே, இனி ஸ்பானிஷ் எதற்கு, அந்த நேரத்தில் இன்னொரு கம்ப்யூட்டர் வகுப்பு எடு" என்று சொல்கிறீர்கள். நான்கு செமஸ்டர் கட்டணம் கட்டியாயிற்று. இப்போது நிறுத்தினால் இரண்டு வருடத்தில் பிள்ளைக்கு வணக்கம் சொல்லவும் உணவகத்தில் பில் கேட்கவும் மட்டும்தான் வரும். இன்னும் நான்கைந்து வகுப்பு எடுத்தால் பெரும்பாலான இடங்களில் மைனர் (துணைப்பாடம்) ஆகிவிடும். 101, 102 போன்ற தொடக்க வகுப்புகள் அதில் சேராது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பள்ளியில் ஸ்பானிஷ் ஆசிரியராகப் போகிறவர்களுக்குப் பேச்சுத்திறன் சான்று கேட்கும் மாநிலங்கள் உண்டு. அந்த அளவு 202இல் வராது.

இன்னொரு நடைமுறைக் காரணமும் இருக்கிறது. அமெரிக்கக் கல்லூரிகளில் ஸ்பானிஷ் எடுப்போர் எண்ணிக்கை 2016இல் 7.12 லட்சம், 2021இல் 5.84 லட்சம். துறைகள் சுருங்குகின்றன. ஒலியியல், மொழிபெயர்ப்பு போன்ற வகுப்புகளைப் பல இடங்களில் வருடத்துக்கு ஒருமுறைதான் வைக்கிறார்கள். ஆள் சேராவிட்டால் ரத்து. இந்தச் செமஸ்டர் விட்டால் அடுத்தது நீங்கள் பட்டம் வாங்கிப் போனபின் வரலாம். ஆகவே துறை அலுவலகத்தில் போய் அடுத்த இரண்டு வருட வகுப்புத் திட்டத்தைக் கேளுங்கள். மறைத்துவைக்கும் விஷயம் இல்லை, கேட்டால் கொடுப்பார்கள். ஒரு செமஸ்டர் விட்டு அடுத்ததில் சேரலாம் என்ற யோசனை வேண்டாம். ஆர்கானிக் கெமிஸ்ட்ரி எடுக்கிற செமஸ்டராக இருந்தால் கனமான இலக்கிய வகுப்பைத் தள்ளிவையுங்கள், ஸ்பானிஷையே தள்ளிவைக்காதீர்கள்.

ஒரே வகுப்பை இருவர் நடத்தினால் யாரிடம் சேர்வது என்பதற்கு இணையத்தில் மாணவர்கள் போடும் நட்சத்திரங்களைப் பார்க்கிறீர்கள். 'ஈஸி ஏ' என்று ஐந்து நட்சத்திரம் வாங்கியவரிடம் போனால் அதே எளிய 'ஏ'தான் கிடைக்கும். அதைவிட இருவருக்கும் ஒரு மின்னஞ்சல் எழுதி, போன முறை நடத்திய வகுப்பின் சிலபஸைக் கேளுங்கள். அதில் மதிப்பெண் பிரிவைப் பாருங்கள். வருகைக்கும் ஆன்லைன் பயிற்சிக்கும் பாதிக்கு மேல் போனால் அது நேரம்போக்கும் வகுப்பு. எழுத்துக்கும் வரைவுகளுக்கும் பாதியாவது இருந்தால் அங்கே போங்கள். மைனருக்குக் கணக்கில் வரவேண்டிய வகுப்பை பாஸ்/ஃபெயில் முறையில் எடுக்காதீர்கள். பல இடங்களில் சேராது.

எழுத்து வகுப்பில் ஒவ்வொரு தாளையும் இரண்டு முறை திருத்தவேண்டியிருப்பதால் இடம் குறைவாகத்தான் வைப்பார்கள். உரையாடல் வகுப்பு நிரம்பியபிறகு வழியில்லாமல் வந்து சேர்கிறவர்களாலேயே அது பதிவு திறந்த முதல் வாரத்தில் நிறைந்துவிடும். உங்கள் பதிவு நேரம் எப்போது திறக்கிறது என்று இன்றே பாருங்கள். திறந்த உடனே அதில் ஓர் இடத்தைப் பிடித்துவிடுங்கள். மற்றதை வகுப்பு தொடங்கி முதல் வாரத்தில் மாற்றிக்கொள்ளலாம்.

அன்புடன்,
உங்கள் ஸ்பானிஷ் வாத்தியார்